நீலச் சாயமும் ஒரு உடைந்த தெர்மாமீட்டரும்

காலேஜ் ஹாஸ்டலில் இரண்டாவது வருஷம். புது ஜீன்ஸை பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டு தூங்கிவிட்டேன். அதே பக்கெட்டில் ரூம்மேட் தன்னுடைய வெள்ளை வேட்டியையும் போட்டுவிட்டான். பாவம், மறுநாள் அவன் சொந்தக்காரர் கல்யாணம். விடிஞ்சதும் அந்த வேட்டி இருந்த கோலத்தைப் பார்த்து அவன் என்னைத் திட்டிய திட்டு இருக்கே, அதை இங்கே எழுத முடியாது :-)

ஜீன்ஸ் ஏன் இப்படி சாயம் விடுதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேடிப் படித்தேன். அதில் இருக்கிற சாயத்துக்குப் பேர் இண்டிகோ. நம்ம ஊர் அவுரி. அது தண்ணியில் கரையாது. ஒரு ரசாயனத்தைச் சேர்த்து அதைக் கரைகிற மாதிரி மாற்றி, நூலை அதில் முக்கி எடுத்து, காற்றில் காட்டணும். காற்று பட்டதும் மறுபடி கரையாத நீலமாக மாறி நூலோட மேல் தோலில் ஒட்டிக்கும். உள்ளே நடுநூல் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் உரச உரச வெளுக்குது, ரூம்மேட்டோட வேட்டியும் நீலமாகுது.

ஆனா என் பக்கெட்டில் இறங்கின நீலம் எந்தச் செடியிலிருந்தும் வந்ததில்லை. இன்னைக்கு ஜீன்ஸில் இருக்கிற இண்டிகோ கிட்டத்தட்ட எல்லாமே தொழிற்சாலையில் செய்தது. அணுவுக்கு அணு அவுரியில் வருகிற அதே பொருள்தான், பிறந்த இடம் மட்டும் வேற. பிறந்த இடம் மாறினதால் யார் யார் வாழ்க்கை எப்படி மாறிச்சுன்னு பிடிச்சுக்கிட்டே போனா, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஆரம்பிச்சு பீகாரில் சம்பாரண் வரைக்கும் போகுது. கொஞ்சம் நீளமான கதை. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் செயற்கைச் சாயம் எங்கேருந்து வந்துச்சுன்னு வேகமா சொல்லிடறேன். 1856 ஈஸ்டர் லீவில், லண்டனில் 18 வயசுப் பையன் வில்லியம் பெர்கின், வீட்டில் வைத்திருந்த சின்ன லேபில் மலேரியாவுக்கான கொய்னாவை தாரிலிருந்து செய்யப் பார்த்தான். கொய்னா வரலை. கறுப்பா ஒரு கசடு வந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்தால் அருமையான ஊதா. படிப்பை விட்டுட்டு அப்பா காசில் ஃபேக்டரி கட்டி, 36 வயசில் ரிட்டயர் ஆகிற அளவுக்கு சம்பாதித்தான். (நமக்கெல்லாம் 36 வயசில் வீட்டுக் கடன் தவணையே பாதி முடியாது.) தாரிலிருந்து நிறம் எடுக்கலாம்கறது அப்படித்தான் ஊருக்குத் தெரிஞ்சது. ஆனா அந்த வித்தையை ஒரு தொழிலாகவே பிடித்துக்கொண்டது இங்கிலாந்து இல்லை, ஜெர்மனி. பேயர், ஹெக்ஸ்ட், பி.ஏ.எஸ்.எஃப் மூணு கம்பெனியும் 1863-லிருந்து 1865-க்குள் ஆரம்பித்தவை. யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி முடித்தவர்களைக் கூட்டம் கூட்டமாக வேலைக்கு எடுத்து, ஆராய்ச்சி பண்றதுக்குன்னே சம்பளம் கொடுத்தார்கள். நம்ம ஐ.டி. கம்பெனி மாதிரின்னு சொல்ல வாய் வருது, ஆனா அவங்க உண்மையாவே ஆராய்ச்சி பண்ணினாங்க.

1869-ல் மஞ்சிட்டி வேரிலிருந்து வருகிற சிவப்பை, அதாவது அலிசாரினை, செயற்கையாகச் செய்கிற முறைக்கு பி.ஏ.எஸ்.எஃப் தரப்பு லண்டனில் ஜூன் 25-ம் தேதி காப்புரிமை கேட்டது. பெர்கின் கேட்டது ஜூன் 26. ஒரே ஒரு நாள்! சில வருஷங்களிலேயே பிரான்சிலும் ஹாலந்திலும் மஞ்சிட்டி பயிர் செய்தவர்கள் தொழிலை விட்டார்கள். சிவப்பு முடிஞ்சது. பாக்கி இருந்த பெரிய மீன் நீலம்.

அந்த நீலம் அதுவரை எப்படி வந்துக்கிட்டிருந்ததுன்னு பார்ப்போம். அவுரிச் செடியை அறுத்து, கட்டுக் கட்டாகத் தொட்டியில் போட்டு ஊறவைப்பார்கள். புளிச்சு நுரை வந்ததும் தண்ணியை அடுத்த தொட்டிக்கு இறக்கி, கூலிக்காரர்கள் உள்ளே இறங்கி நின்று கட்டையாலும் துடுப்பாலும் மணிக்கணக்கில் அடிப்பார்கள். காற்று கலக்கக் கலக்க மஞ்சள் பச்சையாக இருந்த தண்ணி நீலமாகும். அடியில் படியும் வண்டலைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக வெட்டிக் காயவைத்து, பெட்டியில் அடுக்கி கப்பல் ஏற்றுவார்கள். மெட்ராஸ் மாகாணத்திலும் கடப்பை, நெல்லூர், தென்னாற்காடு பக்கம் இது பெரிய தொழில். ஆனா உலக மார்க்கெட்டில் ராஜா வங்காளமும் பீகாரும்தான், அங்கே வெள்ளைக்காரத் துரைகள் வைத்ததுதான் சட்டம். 1859-60ல் வங்காள விவசாயிகள் அவுரி விதைக்க மாட்டோம்னு கிளர்ந்து எழுந்தார்கள். தீனபந்து மித்ரா எழுதின 'நீல் தர்ப்பண்' நாடகம் அந்தச் சமயத்தில் வந்ததுதான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்கை 1861-ல் ஒரு மாசம் ஜெயிலில் போட்டார்கள். வங்காளத்தில் கை சுட்டதும் தொழிலின் மையம் பீகாருக்கு நகர்ந்தது. சம்பாரண் அங்கேதான் இருக்கு. அப்புறமா வரேன்.

இப்போ கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, எனக்கும் ப்ளஸ் டூ வரைக்கும்தான் வரும்.

அடால்ஃப் ஃபான் பேயர்னு ஒரு புரொஃபசர். (ஆஸ்பிரின் பேயர் இல்லை, அந்தக் கம்பெனிக்காரர் வேற.) 1865-லேயே இண்டிகோவை நோண்ட ஆரம்பித்தவர் 1880-ல் முதல் தடவையாக அதை லேபில் செய்தார். 1883-ல் அதோட அமைப்பையே வரைந்து காட்டினார். 1905-ல் நோபல் பரிசும் வந்தது. பி.ஏ.எஸ்.எஃப்பும் ஹெக்ஸ்ட்டும் ஓடிவந்து உரிமையை வாங்கினார்கள். ஆனா மார்க்கெட்டில் ஒண்ணும் நடக்கலை. பேயரோட முறையில் செய்தா செலவு அவுரியைவிட எக்கச்சக்கம். அதுக்குத் தேவையான டொலுவினும் தாரில் கொஞ்சமாத்தான் கிடைக்கும். நாம கோட் எழுதி நம்ம லேப்டாப்பில் ஓடினதும் சந்தோஷப்பட்டு, சர்வரில் போட்டதும் முழி பிதுங்குவோமே, அதே நிலைமைதான்.

1890-ல் ஜூரிக்கில் இருந்த கார்ல் ஹாய்மான் வேற வழி கண்டுபிடித்தார். அவர் வழியில் ஒன்று நாஃப்தலினில் ஆரம்பிக்குது. அதாங்க, பீரோவில் போடுற பாச்சா உருண்டை. தாரில் அது டன் கணக்கில் சும்மா கிடந்தது. ஆனா அதை தாலிக் அமிலமாக மாற்றணும், அங்கேதான் வண்டி நின்னுடுச்சு. அடர் கந்தக அமிலத்தில் போட்டுச் சூடு பண்ணினா மாறும், ஆனா ஆமை வேகத்தில். பெரிய அளவுக்குக் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் தெர்மாமீட்டர் வருது. கம்பெனியில் சாப்பர்னு ஒரு கெமிஸ்ட். ஒருநாள் கொதிக்கிற கலவையில் இருந்த தெர்மாமீட்டர் உடைஞ்சு பாதரசம் உள்ளே கொட்டிடுச்சு. வேலை கெட்டுதுன்னு பார்த்தா, வினை படு வேகமாக நடக்குது! கந்தக அமிலத்தோட சேர்ந்த பாதரசம் அங்கே கிரியா ஊக்கியாகிவிட்டது. கேட்கிறதுக்கு சினிமா மாதிரி இருக்கும். அதிர்ஷ்டம்னு மட்டும் சொன்னா ஒத்துக்க மாட்டேன். தெர்மாமீட்டர் எல்லா லேபிலும்தான் உடையுது. உடைஞ்சதைப் பார்த்து இது ஏன் வேகமாப் போகுதுன்னு கேட்க ஒரு ஆளும், கேட்டதை ஃபேக்டரி அளவுக்குக் கொண்டுபோகப் பணமும் அங்கே இருந்தது. ஹைன்ரிக் ப்ருங்க் என்கிற நிர்வாகி இந்த ஒரு நீலத்துக்காக 1 கோடியே 80 லட்சம் மார்க் வரை கொட்டினார். கந்தக அமிலம் செய்யவே புது முறை, குளோரின் செய்யத் தனி ஏற்பாடுன்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு ஃபேக்டரி. முதல் காப்புரிமையிலிருந்து கணக்குப் பண்ணினா 17 வருஷம்.

இதில் எனக்குப் பிடிச்ச சின்ன விஷயம் ஒண்ணு. எத்தனை ஆசிட், எத்தனை கொப்பரை தாண்டி வந்தாலும் கடைசிப் படி என்ன தெரியுமா? கரைசலுக்குள் காற்றை ஊதறது. காற்று பட்டதும் நீலம். பீகாரில் தொட்டிக்குள் நின்னு கூலிக்காரர் துடுப்பால் அடிச்சதும் இதே காற்றுக்குத்தான்.

1897-ல் பி.ஏ.எஸ்.எஃப்போட செயற்கை இண்டிகோ கடைக்கு வந்தது. அந்த வருஷம் உலகத்தில் அவுரி போட்டிருந்த நிலம் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் இந்தியாவில். செடியிலிருந்து கிடைத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-ல் அது சுமார் ஆயிரம் டன். 17 வருஷம் உழைத்துச் செய்த பொருள், அடுத்த 17 வருஷத்தில் செடியைத் துடைச்சுப் போட்டுடுச்சு.

விலை மட்டும் காரணமில்லை. அவுரிக் கட்டியில் ஒரு பெட்டி மாதிரி இன்னொரு பெட்டி இருக்காது. மழை, மண், தொட்டி, அடிச்ச ஆள் எல்லாத்தையும் பொறுத்து நீலத்தின் அளவு மாறும். வாங்கினவன் சோதிச்சுப் பார்த்துத்தான் சாயத் தொட்டியில் போடணும். ஜெர்மன்காரன் 20 சதவீதப் பசையாகக் கொடுத்தான். இந்த வருஷமும் 20, அடுத்த வருஷமும் 20. சாயக்காரருக்கு வேற என்ன வேணும்? சீனாதான் இதுக்குப் பெரிய வாடிக்கை. அங்கே சாதாரண ஜனங்கள் போடுற நீலத் துணிக்கு கப்பல் கப்பலாகப் போச்சு.

பீகார் துரைகளும் சும்மா இருக்கலை. கெமிஸ்ட் வைத்துப் பார்த்தார்கள், ஜாவாவிலிருந்து அதிக நீலம் தருகிற வேற ரகச் செடியைக் கொண்டுவந்தார்கள், அதுக்கு நோய் வந்தது. ஓட்டப்பந்தயத்தில் எதிராளி ரயிலில் போறான்னு தெரிஞ்ச பிறகு செருப்பை மாத்தின கதை.

1900-ல் பெர்லினில் நடந்த ஒரு விழாவில் ப்ருங்க் இண்டிகோ வரலாறு பற்றிப் பேசினார். எங்க ஒரு ஃபேக்டரியில் ஒரு வருஷத்தில் செய்யற நீலத்துக்கு இந்தியாவில் இரண்டரை லட்சம் ஏக்கர் அவுரி போடணும்னு சொல்லிட்டு, கேட்கறவங்களுக்கு அந்த நாடு நாசமாயிடும்னு தோணலாம், ஆனா அப்படி இருக்கணும்னு இல்லைங்கறார். இந்தியாவில் அடிக்கடி பஞ்சம் வருது, இவ்வளவு நிலமும் உணவுப் பயிருக்கு மாறினா அந்த நாட்டுக்கு அது நல்லதாகவே முடியலாம், சர்க்கார் இதுக்கு உதவணும் என்பது அவர் வாதம். நான் நடுநிலையான ஆள் இல்லைன்னு அவரே ஒத்துக்கவும் செய்றார். படிச்சதும் எனக்குக் கோபம் வந்தது, பெரிய கருணாமூர்த்தின்னு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அவர் கணக்கில் தப்பில்லை. அவுரியை மனசார விரும்பிப் போட்ட பீகார் விவசாயி அபூர்வம். அது தொலைஞ்சு நெல்லும் கோதுமையும் வந்தா அவனுக்குக் கொண்டாட்டம்தானே?

அப்போ சம்பாரணுக்குப் போவோம்.

அங்கே நிலத்தில் பெரும்பகுதி பெத்தியா சமஸ்தானத்தோடது. சமஸ்தானம் கடனில் தத்தளிக்க, கிராமம் கிராமமாக துரைகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. துரை கிட்டத்தட்ட ஜமீன்தார் ஆகிவிட்டார். அவர் கீழே இருக்கிற விவசாயி, தன்னோட நிலத்தில் பிகாவுக்கு மூணு காத்தா துரைக்கு அவுரி போட்டே ஆகணும். ஒரு பிகாங்கறது இருபது காத்தா. இதுக்குத்தான் தீன்காத்தியான்னு பேர். எந்த மூணு காத்தாங்கறதையும் துரைதான் சொல்லுவார், நல்ல மண்ணாப் பார்த்து. விலையும் அவர் வைத்ததுதான்.

1900-க்கு அப்புறம் அவுரி துரைக்கே நஷ்டம். இப்போ அவர் என்ன செய்யணும்? சரிப்பா, இனிமே அவுரி வேணாம், உனக்கு வேணும்கிறதைப் போட்டுக்கோன்னு விட்டுடணும், இல்லையா? விட்டார். ஆனா விடுதலைக்கு விலை போட்டார்! அவுரி போடற கட்டாயத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதுக்கு ஈடா வாரத்தைக் கூட்டிக் கொடுன்னு. அதுக்குப் பேர் ஷராபேஷி.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது. 1885-ம் வருஷத்து வங்காளக் குத்தகைச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு வாரத்தை ஏற்றினாலும் ரூபாய்க்கு இரண்டணாவுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆனா அதே 29-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு. நிலச் சொந்தக்காரரின் வசதிக்காக ஒரு பயிரைப் போட்டுத் தருவதால் குறைந்த வாரத்தில் இருக்கிற குடியானவன், அந்தக் கட்டாயத்திலிருந்து விடுபடுவதற்காக எவ்வளவு நியாயம்னு தனக்குத் தோணுதோ அவ்வளவு கொடுக்க ஒத்துக்கலாம். எழுதினவர்கள் என்ன நினைச்சு எழுதினார்களோ, துரைகளின் வக்கீல்களுக்கு அது திறந்த கதவு. 'அவனுக்கு நியாயம்னு தோணுற' தொகையை துரையோட ஆபீசில், துரையோட ஆட்கள் நடுவில், பத்திரம் எழுதி கைநாட்டு வாங்கினார்கள்.

சில துரைகளுக்கு நிரந்தரக் குத்தகை கிடையாது. கொஞ்ச வருஷத்தில் நிலம் கை மாறிடும், வாரத்தை ஏற்றி என்ன பிரயோஜனம்? அவர்கள் மொத்தமா ஒரே தொகையாகக் கேட்டார்கள். அதுக்குத் தவான்னு பேர், அபராதம்னு அர்த்தம். பிகாவுக்கு நூறு ரூபாய் வரைக்கும் போனது. கையில் காசில்லாதவன் 12 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். காந்தி 1917 மே மாசம் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையில் இதை எழுதியிருக்கிறார். அதில் ஒரு விஷயம் என்னை உலுக்கிடுச்சு. அந்தப் பத்திரங்களில் எங்கேயும் தவான்னு போடலையாம். விவசாயி தன் சொந்தத் தேவைக்காக வாங்கின முன்பணம்னு எழுதியிருந்ததாம். ஜெர்மனியில் ஒருத்தன் கண்டுபிடிச்ச சாயத்தால் துரைக்கு வந்த நஷ்டம், பத்திரத்தில் ஏறும்போது சம்பாரண் குடியானவன் தன் வீட்டுச் செலவுக்கு வாங்கின கடனா மாறிடுது.

ஜனங்கள் பேசாமல் இல்லை. 1907-08ல் சாத்தி பக்கம் ஷேக் குலாப் மாதிரி ஆட்கள் தலைமையில் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் வந்தது, கேஸ் போட்டார்கள்.

கதை இதோட முடிஞ்சிருந்தாலே போதும், ஆனா 1914-ல் போர் வந்தது. அப்போ உலகத்துச் செயற்கைச் சாயத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஜெர்மனியோடது. பிரிட்டிஷ் கப்பற்படை கடலை மறிச்சதும் அது மொத்தமா நின்னுபோச்சு. ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்கிற ஊர்க்காரனுக்கே காக்கிக்குச் சாயம் எதிரி நாட்டிலிருந்துதான் வந்துக்கிட்டிருந்ததுன்னு அப்பத்தான் உறைச்சது. அமெரிக்க மில்களும் தவிச்சது. 1916 ஜூலையில் 'டாய்ச்லாண்ட்'னு ஒரு நீர்மூழ்கி பால்டிமோர் துறைமுகத்தில் வந்து எழும்பியது. குண்டு போட வந்ததில்லை, சரக்குக் கப்பல்! கேப்டன் பால் கோனிக். உள்ளே முக்கியச் சரக்கு அடர்த்தியான சாயப் பொடிகள். திரும்பும்போது ரப்பர், நிக்கல், வெள்ளீயம். சாயத்தை நீர்மூழ்கியில் கடத்தினாலும் கட்டுப்படியாகிற விலை அப்போ. 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கினதும் ஜெர்மன் காப்புரிமைகளைப் பறிமுதல் பண்ணி, உள்ளூர் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. டவ், டுபாண்ட் எல்லாம் சாயத்தில் இறங்கினது இந்தச் சமயத்தில்தான். ஜெர்மனியோட ஏகபோகம் அப்புறம் பழைய மாதிரி திரும்பவே இல்லை.

சம்பாரணுக்கு இதனால் என்ன? ஜெர்மன் நீலம் வராததால் அவுரிக்கு விலை எகிறிடுச்சு. கைவிட்ட தொட்டிகளைத் தூசி தட்டினார்கள். இன்னும் தவான் வாங்காமல் மிச்சம் வைத்திருந்த இடங்களில், போடு மறுபடி அவுரின்னு துரைகள் ஆரம்பித்தார்கள். விவசாயிக்கு இதில் எப்படிப் பார்த்தாலும் தோல்விதான். நீலம் விலை இறங்கினா அபராதம், ஏறினா அவுரி.

1916 டிசம்பர் லக்னோ காங்கிரஸில் ராஜ்குமார் சுக்லா என்கிற சம்பாரண் விவசாயி காந்தியைப் பிடித்துக்கொண்டது, விடாமல் பின்னாடியே அலைந்தது எல்லாம் நமக்குப் பாடத்தில் வந்ததுதான். சம்பாரண் எங்கே இருக்குன்னே காந்திக்கு அப்போ தெரியாது. 1917 ஏப்ரலில் வந்தார், வெளியேறச் சொன்னதுக்கு மாட்டேன்னார், மோதிஹாரி கோர்ட்டில் நின்றார், கேஸை அரசே வாபஸ் வாங்கியது. இதெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கோம். வாபஸ் ஆன பிறகு நடந்ததைத்தான் நான் எழுதினதா ஞாபகம் இல்லை. காந்தியும் கூட இருந்த வக்கீல்களும் ஆயிரக்கணக்கான விவசாயிகளை ஒவ்வொருத்தராக உட்காரவைத்து, குறுக்கு விசாரணை பண்ணி, வாக்குமூலம் எழுதினார்கள். பக்கத்திலேயே போலீஸ்காரர் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பாராம். பத்திரத்தில் முன்பணம்னு இருந்தது உண்மையில் தவான்தான்னு நிரூபிக்க வேற வழி ஏது?

ஃப்ராங்க் ஸ்லை தலைமையில் சர்க்கார் கமிட்டி போட்டது, காந்தியும் அதில் ஒருத்தர். கமிட்டி சொன்னதை வைத்து 1918-ல் சம்பாரண் விவசாயச் சட்டம் வந்தது. தீன்காத்தியா ஒழிஞ்சது. ஷராபேஷியில் ஏற்றின வாரத்தை சில இடத்தில் 20, மற்ற இடத்தில் 26 சதவீதம் குறைத்தார்கள். தவான் பணத்தில் கால்வாசியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். காந்தி ஏன் கால்வாசிக்கு ஒத்துக்கிட்டார்னு அப்போதே கேள்வி இருந்தது. துரை ஒரு ரூபாயாவது திருப்பிக் கொடுத்தார்ங்கறதுதான் பெரிசு, அதோட அவர் மேல் இருந்த பயம் போச்சுன்னு பதில் சொல்றவங்க உண்டு. சரியாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அந்த மீதி முக்கால்வாசி மேலேயே மனசு போய் நிக்குது.

போர் முடிஞ்சு சில வருஷத்தில் செயற்கை நீலம் மறுபடி சந்தைக்கு வந்துவிட்டது, இந்தத் தடவை பல நாட்டிலிருந்து. அவுரி விலை படுத்தது, துரைகள் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ப்ருங்க் சொன்ன மாதிரியே அந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் வந்தது. அவர் 1911-லேயே செத்துப்போயிருந்தார்.